பத்து வரி மெனுவும் படகுக் கணக்கும்

சில ஓட்டல்களில் பார்த்திருப்பீர்கள். சுவரில் பெரிய போர்டு. இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா தோசை, அடை அவியல் என்று முப்பது ஐட்டம். நாக்கில் தண்ணி ஊற, 'அடை இருக்கா?' என்று கேட்டால் சர்வர் நம்மைப் பரிதாபமாகப் பார்த்து, 'அது பழைய மாஸ்டர் இருந்தப்போ ஸார். இப்போ இட்லி மட்டும்தான்' என்பார். மாஸ்டர் போய் ஆறு வருஷம் ஆகியிருக்கும். போர்டு மட்டும் போகவில்லை.

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரை ஆன் பண்ணினால் முதலில் வருகிற கறுப்புத் திரையும் இந்த ரகம்தான். 'எதில் கிளம்பட்டும்?' என்று ஒரு பட்டியல் காட்டும். புது மெஷினில் இரண்டே வரி. நாலைந்து வருஷம் உழைத்த மெஷினில் உள்ளே போய்ப் பார்த்தால் பத்து வரி. ஒவ்வொன்றிலும் நம்பர், புள்ளி, நம்பர், கோடு, மறுபடி நம்பர்... ஜாதகக் கட்டம் மாதிரி. ஐந்து செகண்ட் பொறுத்தால் அதுவே முதல் வரியில் கிளம்பிவிடும் என்பதால் யாரும் அதைப் படிப்பதில்லை. கிளம்பாத அன்றைக்குத்தான் படிக்கிறோம்.

இந்த வாரம் அந்தப் பட்டியலைப் பற்றித்தான். 'அடப் போய்யா, எங்க ஆபீஸ்ல எல்லாம் விண்டோஸ்தான்' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய மெஷின்களை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. கல்லு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட மனசு வராத பலர் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். நாளைக்கே உங்கள் மேஜைக்கும் அது வரலாம். வந்தால் இந்தப் பட்டியலும் கூடவே வரும்.

*

நான் குடியிருப்பது காசிமேட்டில். ஆபீஸ் பாரிமுனையில். தெருவில் எனக்கு 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்' என்று ஒரு பட்டம். யாருக்கோ ஒருமுறை பிரிண்டரில் மாட்டிக்கொண்ட பேப்பரை உருவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ராயபுரம் வரைக்கும் பேர் பரவிவிட்டது.

'காசிமேட்டில் லினக்ஸா? மீன்தானே இருக்கும்?' என்று நினைக்காதீர்கள். இந்த ஊருக்கும் லினக்ஸுக்கும் பழைய உறவு. 2006-07 வாக்கிலேயே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஸுஸே லினக்ஸுக்கு மாற்ற ஆரம்பித்தது. 2007 ஜனவரியில் 'பாஸ்' வந்தது. ரஜினி படமல்ல ஸார்... அந்த வருஷம் வந்தது சிவாஜி - தி பாஸ், அது ஜூனில். இது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியன் என்கிற லினக்ஸை அடித்தளமாக வைத்துத் தயாரித்தது.

அப்புறம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அந்த லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஆன் பண்ணினால் 'இதிலா, அதிலா?' என்று பட்டியல் வரும். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த கம்ப்யூட்டர் திரையே ஒரு பூட் மெனுதான். அமெரிக்காவில்கூட இப்படி ஒரு தலைமுறை கிடையாது!

*

பட்டியலில் இருப்பது என்ன? கர்னல்கள். கர்னல் என்றவுடன் முறுக்கு மீசையும் தொப்பியுமாக ஒரு ராணுவ அதிகாரியைக் கற்பனை பண்ண வேண்டாம். கொட்டைக்குள் இருக்கிற பருப்பு என்று அர்த்தம். மெமரியை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, ஹார்ட் டிஸ்க்கில் எங்கே எழுதுவது, கீபோர்டில் எந்த எழுத்தைத் தட்டினார்கள் என்பதையெல்லாம் கவனிக்கிற உள்பருப்பு. எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் படகுக்கு எஞ்சின். மேலே பெயின்ட், கொடி, கேபின், வலை எல்லாம் இருக்கலாம். எஞ்சின் இல்லாவிட்டால் அது கரையில் நிற்கிற பெரிய பெட்டி.

இந்த எஞ்சினை முதலில் கட்டியவர் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயசுப் பையன், லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்ட் 25 அன்று, 'சும்மா பொழுதுபோக்குக்காகத்தான் செய்கிறேன், பெரிசா ஒண்ணும் வராது' என்கிற தொனியில் உலகத்துக்கு அறிவித்தார். பொழுதுபோக்கு பிற்பாடு ஆண்ட்ராய்ட் போன் வரைக்கும் புகுந்துவிட்டது.

எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகாதே? சாவி திருப்ப ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெயர் கிரப். 1995ல் எரிக் போலின் என்பவர் எழுத ஆரம்பித்தது. கிராண்ட் யுனிஃபைட் பூட்லோடர் என்பதன் சுருக்கம். பௌதிகத்தில் கிராண்ட் யுனிஃபைட் தியரி என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்களே, அதைக் கிண்டல் பண்ணி வைத்த பெயர். அதற்கு முன்னால் லிலோ என்று ஒருவர் இந்த வேலையைப் பார்த்தார். கர்னலை மாற்றினால் அவரிடம் போய்த் தனியாகச் சொல்லிவிட்டு வரவேண்டும். மறந்தால் மறுநாள் மெஷின் கிளம்பாது. கோபக்கார மாமனார் டைப். கிரப் அப்படி இல்லை. டிஸ்க்கில் எந்தெந்தக் கர்னல் இருக்கிறது என்று பார்த்துப் பட்டியல் எழுதித் தர ஏற்பாடு வைத்திருக்கிறது.

கர்னலோடு இன்னொரு மூட்டையும் உண்டு. இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். பெயரை மறந்துவிடுங்கள், வேலையை ஞாபகம் வையுங்கள். கர்னல் கண் விழித்தவுடன் ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க வேண்டுமல்லவா? அதற்கான சாவிக்கொத்து இந்த மூட்டையில்தான் இருக்கிறது. கர்னல் சின்னது. மூட்டை பெரிசு. சும்மா நாற்பது ஐம்பது எம்.பி. இருக்கும். புதுசு வர வர இன்னும் பருமன் கூடுகிறது.

*

சரி, இரண்டு வரி எப்படிப் பத்து வரி ஆகிறது?

லினக்ஸில் கர்னலுக்கு அப்டேட் வந்தால் பழையதன் தலையில் புதுசை ஏற்றுவதில்லை. பக்கத்தில் தனியாக வைக்கிறார்கள். நல்ல காரணம் உண்டு. எங்கள் துறைமுகத்தில் புது எஞ்சின் மாட்டின எந்த ஓனரும் பழையதை அன்றைக்கே எடைக்குப் போடமாட்டார். நாலு டிரிப் போய் வரட்டும் என்று ஷெட்டில் ஓரமாக வைத்திருப்பார். அதே புத்திதான் இதுவும். புதுக் கர்னலுக்கு உங்கள் வைஃபை பிடிக்கவில்லை, திரை கறுப்பாகிவிட்டது என்றால் மெஷினை மறுபடி ஆன் செய்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்கிற வரிக்குள் நுழைந்து, நேற்று வரை ஓடின பழையதில் கிளம்பிவிடலாம்.

ஆனால் ஒரு எஞ்சின் ஓரமாக இருந்தால் அது உபரி. அஞ்சு எஞ்சின் கிடந்தால் ஷெட்டில் ஆள் நிற்க இடமில்லை. ஒவ்வொரு கர்னலுக்கும் ஒரு சாதா வரி, ஒரு ரெக்கவரி வரி. அஞ்சு கர்னலுக்குப் பத்து வரி. கணக்கு சரியாகிவிட்டதா?

மெனு நீளமாக இருப்பது வெறும் அழகுப் பிரச்னை என்றால் நானும் விட்டுவிடுவேன். யாரும் வீட்டுக்கு வந்து நம் பூட் மெனுவைப் பார்த்து முகம் சுளிக்கப் போவதில்லை. பிரச்னை வேறு. பல மெஷின்களில் இந்தக் கர்னல்கள் தங்குவதற்கு 'பூட்' என்று ஒரு தனி அறை ஒதுக்கியிருப்பார்கள். ஹார்ட் டிஸ்க் 500 ஜி.பி. என்று மார் தட்டும். அந்த அறை மட்டும் 250 எம்.பி.கூட இருக்காது. பெரிய பங்களாவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. பழைய ஆட்கள் காலி பண்ணாவிட்டால் புதுசாக வருகிறவர் மூட்டையை எங்கே வைப்பார்?

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் தெருவிலேயே நடந்தது.

*

2023 ஜூன் மாசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரிக்கிற சமயம். காசிமேடு அப்போது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் ஆகிவிடும். படகைக் கரையேற்றிச் சுரண்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் பரப்புவார்கள், வலையின் கிழிசலைத் தைப்பார்கள். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாசமும் படகில் வேலை செய்கிற ஆட்கள் ஓனரிடம் முன்பணம் வாங்கித்தான் காலம் தள்ள வேண்டும். 14ஆம் தேதி நள்ளிரவு தாண்டினால் தடை முடிந்தது, படகு கிளம்பும்.

தெருமுனையில் ஒரு தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். (பெயர் வேண்டாம், வீட்டில் பெண் பார்க்கிறார்கள்.) அஞ்சாறு ஓனர்களுக்குக் கணக்கும் அவன்தான். படகுக் கணக்கு லேசுப்பட்டதில்லை. டீசல், ஐஸ், ஆட்களின் சாப்பாடு எல்லாம் கழித்து, ஏலத்தில் வந்த மிச்சத்தை ஓனருக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டும். அதில் வாங்கின முன்பணத்தையும் பிடிக்க வேண்டும். நாற்பது பேர் கணக்கு அந்த ஒரே மெஷினில் இருந்தது.

மெஷினில் 2018ல் யாரோ ஒரு புண்ணியவான் டெபியன் 9 போட்டுக் கொடுத்தார். டெபியனில் ஒரு படி விட்டு ஒரு படி தாவக்கூடாது. 9லிருந்து 10, 10லிருந்து 11 என்று வரிசையாகத்தான் ஏற வேண்டும். தம்பி அதைச் சரியாகத்தான் செய்துவந்தான். 2023 ஜூன் 10, சனிக்கிழமை, டெபியன் 12 வெளியானது. புக்வோர்ம் என்று அதற்குச் செல்லப் பெயர். (டெபியன்காரர்கள் தங்கள் வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' கார்ட்டூன் படத்துப் பாத்திரங்களின் பெயரைத்தான் வைப்பார்கள்.) புதுப்படம் ரிலீஸ் ஆனால் முதல் ஷோ பார்த்தே தீர வேண்டிய ஜென்மம் அவன். 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அப்கிரேடு போட்டுவிட்டான்.

நடுவில் 'இடம் இல்லை' என்கிற மாதிரி ரெண்டு வரி ஓடியதாம். ஆயிரம் வரி ஓடும்போது ரெண்டு வரியை யார் பார்ப்பார்கள்? முடிந்தது என்று நினைத்து ரீஸ்டார்ட் பண்ணினான். திரையில் 'கர்னல் பானிக்' என்று வந்து நின்றது. பானிக் ஆனது கர்னல் மட்டும் இல்லை.

காலை ஆறு மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, மெஷின் பூட்ச்சுண்ணா..."

போய்ப் பார்த்தால் கடை வாசலில் ரெண்டு ஓனர்கள், பத்துப் பதினைஞ்சு ஆட்கள். "இன்னிக்கு ராவு போட்டு கெளம்புது ஸார். யார் யாருக்கு எவ்ளோ குட்த்துக்கீறேன்னு எல்லாம் அதுலதான் கீது" என்றார் ஒரு ஓனர். கடைசியாகப் பென் டிரைவில் நகல் எடுத்தது ஏப்ரல் மாசத்தில். அதாவது, தடைக்காலத்து முன்பணம் ஒன்றுக்கும் நகல் கிடையாது.

ஒரு மெக்கானிக்குக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் மெஷினைப் பார்க்காமலே, 'ஹார்ட் டிஸ்க் காலி, ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டுடலாம்' என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். வந்துகொண்டே இருக்கிறாராம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர், ஐம்பத்தைந்து வயசு இருக்கும், ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூவாயிரம்தான் நைனா வாங்கினேன். கணக்கு பூட்ச்சுன்னா வாய்க்கு வந்தத சொல்வாங்கோ. எனக்கு எய்தப் படிக்கத் தெரியாது" என்றார். ஓனர் மோசமானவர் என்று அவர் சொல்லவில்லை. ரெண்டு மாசம் முன்னால் கொடுத்தது யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? அவர் பக்கம் பேச அந்த மெஷின் ஒன்றுதான் சாட்சி. அதைத்தான் ஃபார்மேட் அடிக்க ஒருவர் டூவீலரில் வந்துகொண்டிருந்தார்.

*

மெஷினை அணைத்து மறுபடி ஆன் பண்ணச் சொன்னேன். பட்டியல் வந்தது. முதல் வரியில் கை வைக்காமல் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போனோம். அங்கே இருந்தது முழு வம்சாவளி. மேலே புதுசாக வந்த 6.1. அடுத்து டெபியன் 11 காலத்து 5.10 ரெண்டு. அப்புறம் 4.19. கடைசியில் 2018லிருந்து நகராமல் உட்கார்ந்திருக்கிற 4.9.

விஷயம் புரிந்துவிட்டது. 6.1 கர்னல் வந்து இறங்கிவிட்டது. ஆனால் பொந்தில் இடமில்லாததால் அதன் மூட்டையைக் கட்ட முடியவில்லை. சாவிக்கொத்து இல்லாமல் கண் விழித்த கர்னல், ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க முடியாமல் அலறியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை.

"அந்த 5.10ல பெரிய நம்பரா பார்த்து என்டர் தட்டு" என்றேன்.

ஐம்பது செகண்டில் டெஸ்க்டாப் வந்தது. பின்னணியில் தம்பியின் அபிமான நடிகர் சிரித்தார். வாசலில் யாரோ விசில் அடித்தார்கள்.

முதல் காரியமாகக் கணக்கு ஃபைல் அத்தனையும் ரெண்டு பென் டிரைவில் ஏறியது. பெரியவர் பெயருக்கு நேரே மூவாயிரம் என்றுதான் இருந்தது. படித்துக் காட்டினேன். "அதான் நைனா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மெக்கானிக் வந்தபோது அவருக்கும் ஒரு டீ சொன்னோம்.

கவனியுங்கள். மெஷினைக் கவிழ்த்ததும் பழைய கர்னல்கள்தான், காப்பாற்றியதும் ஒரு பழைய கர்னல்தான். 4.9 அங்கே இருந்திருக்கவே கூடாது. 5.10 இல்லாமல் போயிருக்கவே கூடாது. ஆகவே, 'பழசையெல்லாம் ஒழி' என்பதும் தப்பு, 'கெடக்கட்டும் பரவால்ல' என்பதும் தப்பு. எது எதற்காக இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் சுத்தம் பண்ணுவது.

*

இனி செய்முறை. கமாண்டுகளை இங்கே தமிழில் அச்சிட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் அடியுங்கள். தமிழில் அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். டெபியன், உபுண்டு, பாஸ் குடும்பத்துக்கு இது பொருந்தும்.

ஒன்று: நகல். உங்கள் ஃபைல்கள் இன்னொரு இடத்திலும் இருக்கிறதா? இல்லாவிட்டால் இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு அதை முதலில் செய்யுங்கள்.

இரண்டு: இப்போது எந்தக் கர்னலில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 'யூநேம்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் ஆர். வருகிற நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்டக் கூடாது என்று நம் பாட்டிகள் சொன்னது இதற்குத்தான். வெட்டப் போனால் சிஸ்டமே ஒரு தடவை 'நிஜமாவா?' என்று கேட்கும். அதற்கு 'ஆமாம்' சொல்லிவிட்டால் அப்புறம் அதன்மேல் பழி போடாதீர்கள்.

மூன்று: 'டி.எஃப்.' இடைவெளி மைனஸ் எச். அறைகள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்று சொல்லும். 'பூட்' என்று தனி வரி இருந்து அது 80, 90 சதவீதம் காட்டினால் அடுத்த அப்கிரேடில் தம்பி கதைதான்.

நான்கு: 'ஆப்ட் ஆட்டோரிமூவ்'. பயனில்லாத கர்னல்களை இது தானாகவே கண்டுபிடித்து எடுக்கும். இப்போது ஓடுகிறதையும் புதுசாக வந்ததையும் தொடாது. அப்டேட் முடியும்போதெல்லாம், 'இவையெல்லாம் தேவையில்லை, வேண்டுமானால் எடுத்துவிடு' என்று இந்தக் கமாண்டை சிஸ்டமே எழுதிக் காட்டும். தம்பி அஞ்சு வருஷமாக அதைப் பார்த்திருக்கிறான். கேட்டால், "ஏதோ வெளம்பரம்னு நெனைச்சேண்ணா" என்றான்.

ஐந்து: அதற்கும் அசையாத பழம்பெருச்சாளி ஏதாவது இருந்தால் 'ஆப்ட் பர்ஜ்' என்று போட்டு அந்தக் கர்னல் பாக்கேஜின் முழுப்பெயரைக் கொடுங்கள். நாங்கள் அன்றைக்கு 4.9, 4.19 ரெண்டையும் அப்படித்தான் அனுப்பி வைத்தோம். இடம் கிடைத்ததும் 'டிபேக்கேஜ்' கமாண்டை விட்டு, பாதியில் நின்ற அப்கிரேடை முடிக்கச் சொன்னோம். 6.1க்கு மூட்டை கட்டிக்கொண்டது. மத்தியானம் ஒரு மணிக்கு மெஷின் டெபியன் 12ல் கிளம்பியது. புதுசு ஒன்று, ஓடி நிரூபித்த பழசு ஒன்று. அவ்வளவு போதும்.

இதில் செய்யக் கூடாதது ரெண்டு. பட்டியல் எழுதியிருக்கிற 'கிரப்.சிஎஃப்ஜி' ஃபைலைத் திறந்து வேண்டாத வரிகளை அடித்துவிடலாம் என்று சில புத்திசாலிகளுக்குத் தோன்றும். அந்த ஃபைலின் தலையிலேயே 'இதைத் திருத்தாதே' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது மெஷின் தானாக எழுதுகிற போர்டு. சரக்கு உள்ளே இருக்கும் வரை அடுத்த அப்டேட்டில் அதே வரிகள் மறுபடி முளைக்கும். இடமும் ஒரு எம்.பி. காலியாகாது. சரக்கை எடுங்கள், போர்டு தானே மாறும். மாறாவிட்டால் 'அப்டேட்-கிரப்' என்று ஒரு தட்டு.

இன்னொன்று, 'பூட்' அறைக்குள் நேரே போய் ஃபைல்களைக் கையால் அழிப்பது. ஃபைல் போய்விடும். ஆனால் பாக்கேஜ் பதிவேட்டில் அது உயிரோடுதான் இருக்கும். மரணச் சான்றிதழ் வாங்காமல் ரேஷன் கார்டில் பெயர் எடுக்கப் போன மாதிரி, அப்புறம் ஒவ்வொரு கவுன்டரிலும் தகராறு வரும்.

*

தம்பி கதையில் ஒரு பின்குறிப்பும் உண்டு. எல்லாம் முடிந்து கை கழுவும்போது, "அண்ணா, விண்டோஸ் காணோம்ணா!" என்றான். பார்த்தால் பட்டியலில் நிஜமாகவே விண்டோஸ் வரி இல்லை.

விண்டோஸ் எங்கேயும் போகவில்லை. முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று 'ஓ.எஸ். ப்ரோபர்' என்கிற ஆள் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்துக் கிரப்பிடம் சொல்வார். அப்படிக் கண்ட வீட்டையும் எட்டிப் பார்ப்பது பாதுகாப்பில்லை என்று 2021ல் வந்த கிரப் 2.06 அவரை நிறுத்தி வைத்துவிட்டது. டெபியன் 12லும் அதே ஏற்பாடுதான். 'எட்ஸி' ஃபோல்டருக்குள், 'டீஃபால்ட்' ஃபோல்டரில் 'கிரப்' என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் 'கிரப் டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்' என்பதற்கு நேரே 'ஃபால்ஸ்' என்று எழுதி, அப்டேட்-கிரப் போட்டால் விண்டோஸ் திரும்பி வந்துவிடும். இது தெரியாமல் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து, அதனால் லினக்ஸைத் தொலைத்து... வேண்டாம், அது தனி சோகம்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் அடி வரும். 2024 ஆகஸ்ட் 13 அன்று விண்டோஸுக்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், ஓட்டையுள்ள பழைய பூட்லோடர்களை ஏற்காமல் தடுத்தது. இரண்டு குடித்தன மெஷின்களைத் தொடாது என்றுதான் சொன்னார்கள். ஆனால் உலகம் பூராவும் பல மெஷின்களில் அன்றைக்கு லினக்ஸ் கிளம்பவில்லை. 'சம்திங் ஹாஸ் கான் சீரியஸ்லி ராங்' என்று ஒரு வாக்கியம் வந்து நின்றது. அதாவது, எஞ்சினை மட்டும் புதுப்பித்துக்கொண்டு சாவி திருப்புகிற ஆளை அப்படியே விட்டுவிடக் கூடாது. அவருக்கும் அப்டேட் உண்டு.

புது மெஷின்களில் யூஇஎஃப்ஐ என்று இன்னொரு பட்டியல் மதர்போர்டுக்குள்ளேயே இருக்கிறது. எப்போதோ போட்டுப் பார்த்து எடுத்த லினக்ஸ்களின் பெயர்கள் அதில் அப்படியே தங்கியிருக்கும். 'இஎஃப்ஐ பூட்மேனேஜர்' என்பதன் சுருக்கமாக ஒரு கமாண்ட் இருக்கிறது. சும்மா அடித்தால் நம்பர் போட்டுப் பட்டியல் தரும். நம்பரைக் கொடுத்து வேண்டாததை நீக்கலாம். ஆனால் பெயர் தெரியாத வரியையும், விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற வரியையும் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். இந்தப் பட்டியலில் ஒரு வரி அதிகம் இருப்பதால் யாருக்கும் ஜுரம் வராது.

*

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13, ட்ரிக்ஸி, வெளியாகியிருக்கிறது. ஏறுவதற்கு முன் அவர்கள் தரும் குறிப்பைப் படித்தேன். 'உங்கள் பூட் அறை குறைந்தது 768 எம்.பி. இருக்கட்டும், அதில் சுமார் 300 எம்.பி. காலியாக இருக்கட்டும், டெபியன் 10 காலத்திலோ அதற்கு முன்போ போட்ட மெஷின் என்றால் ஜாக்கிரதை' என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். 250 எம்.பி. பொந்து வைத்திருக்கிறவர்கள் அறையைப் பெரிதாக்க வேண்டும். அல்லது நகல் எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் புதுசாகப் போட்டுவிடலாம். இந்த மாதிரிக் குறிப்பை, மாத்திரையோடு வரும் துண்டுச்சீட்டு மாதிரி நினைத்துக் கசக்கி எறியாதீர்கள்.

கடைசியாக ஒரு விஷயம். எங்கள் துறைமுகத்தில் எஞ்சினைப் பிரிக்கிற வேலையெல்லாம் படகு கரையில் இருக்கும்போதுதான். மறுநாள் கடலுக்குப் போகிற படகில் யாரும் ஸ்பானரோடு ஏறமாட்டார்கள். நீங்களும் நாள் பார்த்துச் செய்யுங்கள். சம்பளப் பட்டியல் போடுகிற நாள், ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள், மேனேஜர் லீவு முடிந்து திரும்புகிற திங்கட்கிழமை... லினக்ஸுக்கு ராகு காலம் இவைதான். பஞ்சாங்கத்தில் போடமாட்டார்கள். நீங்களே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.